மூல ஓலை எங்கே?

பழவேற்காட்டு ஏரியின் தென்கரையிலே, கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் பட்டினவர் கிராமங்களில், எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் யார் வலை இறக்குவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ‘பாடு’ என்கிற சம்பிரதாயம் தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்திருப்பதைப் பற்றி, மீன்வள அறிஞர்களும் சமூகவியலாரும் வியப்போடு எழுதியிருக்கிறார்கள். வேலியிட முடியாத தண்ணீருக்கே இவ்வளவு கிரமமாகக் கணக்கு வைத்துக்கொண்ட ஜனங்கள், தங்கள் கடனுக்கு மட்டும் எப்பொழுதும் பிறர் எழுதிய கணக்கை நம்பியே ஜீவிக்க நேர்ந்தது என்பது இக்கரையின் சரித்திரத்தில் உள்ள பெரிய விசித்திரம்.

இந்த விசித்திரத்தை இப்போது பிரஸ்தாபிக்கக் காரணம், கைப்பேசி வைத்திருக்கும் எவரையும் தேடி நாடெங்கும் வந்து விழுகிற ஒருவகை மின்னஞ்சல். ‘தங்கள் பெயரில் எழுநூற்றுச் சொச்சம் ரூபாய் நிலுவை நிற்கிறது, இன்று மாலைக்குள் செலுத்தாவிட்டால் வழக்குத் தொடரப்படும்’ என்ற மாதிரியில் அது எழுதப்பட்டிருக்கும். கொடுத்தவர் யார், வாங்கிய தேதி எது, எதன் பொருட்டு வாங்கப்பட்டது என்கிற விவரம் ஒன்றும் இராது. பணம் கட்டுவதற்கான சுட்டி மட்டும் தவறாமல் இருக்கும். தொலைந்து போகட்டும் என்று கட்டிவிடத் தோன்றும்படியான சிறு தொகையாக அது இருப்பது தற்செயல் அன்று. சிறு தொகையைக் காட்டிப் பெரிய பாத்தியதையை உண்டாக்கிக்கொள்ளும் தந்திரம் இந்தக் கரைக்கு மின்சாரம் வருவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது.

1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டு, 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் இவ்வூரிலிருந்தே நடத்திய உலாந்தா, அதாவது டச்சுக் கம்பெனி, தனக்கு வேண்டிய துணியைக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கவில்லை. முன்பணம் கொடுத்தே நெய்வித்தது. கம்பெனி கொடுத்த முன்பணம் மலையச் செட்டி, சின்னண்ணச் செட்டி போன்ற பெருவணிகர் கைக்கு வரும். அங்கிருந்து சிறு தரகர்களுக்கும், அவர்களிடமிருந்து தறிக்காரனுக்கும் இறங்கும். பஞ்சமோ யுத்தமோ வந்து தறி ஓயும்போது, மேலே உள்ளவன் ஏட்டில் கீழே உள்ளவன் பாக்கி ஏறும். இப்படி ஏறிய வராக்கடன் தாங்காமல்தான், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பெனியார் வணிகர்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக் கூட்டு மூலதனக் குழுக்களை அமைத்தார்கள். மேல்தட்டில் இருந்தவர்களின் நஷ்டத்துக்கு இவ்வாறு பரிகாரம் தேடப்பட்டது. கீழே இருந்தவனுக்கு ஏடும் இல்லை, பரிகாரமும் இல்லை. பஞ்ச காலங்களில் வயிற்றுக்கு இல்லாமல் தங்களையும் மக்களையும் விற்றுக்கொண்டவர்கள் இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதும் அந்தக் கம்பெனியின் கணக்கில் உள்ள சங்கதியே. இன்று சுற்றுலாவாகப் போகிறவர்கள் பார்த்து வியக்கும் உலாந்தாக் கல்லறைத் தோட்டத்தில் அதிகாரிகளின் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் நிற்கின்றன. அவர்களுக்குத் துணி நெய்தவன் பெயரைத் தேடுவது வீண்.

1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கில ஆட்சியின் பிற்பகுதியில் கடன் விவகாரத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர் பிரடரிக் நிக்கல்சன் என்னும் சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர். குடியானவர்களுக்கான பாங்குகளைப் பற்றி அவர் 1895-லும் 1897-லும் சென்னை அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கைகள், 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வித்தாயின. அதே மனிதர்தாம் பின்னர் சென்னை மாகாணத்தின் மீன்துறைக்கு முதல் தலைவராக அமர்ந்தார். உழவன் கடனையும் மீனவன் தொழிலையும் ஒரே மூளை ஆராய்ந்தது இக்கரைக்கு நேர்ந்த பாக்கியம் என்றே சொல்லலாம். பலன் அந்த அளவுக்குக் கிட்டவில்லை என்பது வேறு விஷயம். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து, பழைய வட்டிப் பாக்கிகளைத் தள்ளி மாகாணமெங்கும் குடியானவர் மூச்சுவிடும்படி செய்தபோது, அந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்குவதற்கு நிலத்தில் பாத்தியதை வேண்டியிருந்தது. தண்ணீரில் பாடு உடையவன் நிலமுடையவன் ஆகமாட்டானே!

ஆகவே நிலமற்ற மீனவன் புரோநோட்டோடுதான் காலம் தள்ள வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. முகப்பில் தொகை, வட்டி, கேட்கும்போது கொடுப்பதாக ஒரு வாக்கு. கீழே அணா ஸ்டாம்பு. எழுதத் தெரிந்தவனானால் ஸ்டாம்பின் மேல் குறுக்கே கையெழுத்து, தெரியாதவனானால் இடது பெருவிரல் ரேகை. எழுதிய நாளிலிருந்து மூன்று வருஷம் கடந்தால் அதை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது. காலாவதிச் சட்டம் தடுத்துவிடும். ஆனால் மூன்று வருஷம் முடிவதற்குள் கடன்பட்டவன் ஏதேனும் ஒரு சிறு தொகையைச் செலுத்தி, அதை நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைத்தானானால், அன்றிலிருந்து மறுபடியும் மூன்று வருஷம் உயிர் வந்துவிடும். இதனால், வாயிதா நெருங்கும் சமயத்தில் கடன் கொடுத்தவர் வெகு தயாளமாக, ‘முழுசும் வேண்டாமப்பா, ஒரு அஞ்சு ரூபாய் கொடுத்து வரவு போட்டுவிடு’ என்று சொல்வதன் அர்த்தம் என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் அறிவார்கள். அதற்கும் ஒரு படி மேலே போய், வாங்காத ஐந்து ரூபாயை வாங்கியதாகத் தாமே வரவு எழுதி ரேகையையும் சிருஷ்டித்து, செத்த நோட்டுக்கு உயிர் கொடுக்க முயன்ற விவகாரங்கள் மாகாணத்து முன்சீப் கோர்ட்டுகளில் சகஜமாக நடந்தன. பணம் கொடுக்கவில்லை என்று கடன் கொடுத்தவர் புகார் செய்வதுதான் உலக வழக்கம். பணம் வாங்கிக்கொண்டேன் என்று அவர் பொய் சொல்லும் விநோதத்தைச் சட்டம்தான் உண்டாக்கிற்று.

நோட்டு இல்லாத கடனும் உண்டு. எழுபதுகளில் இறால் ஏற்றுமதிக்கு மவுசு ஏறியதும், வலைக்கும் படகுக்கும் வியாபாரி முன்பணம் கொடுப்பதும், வாங்கியவன் பிடிப்பு முழுவதையும் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போடுவதும் இந்தக் கரையெங்கும் பரவின. இதில் வட்டி என்ற பேச்சே எழாது, விலைக்குறைவே வட்டி. முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஏரியில் பிடிப்பு சுருங்குகிற வருஷங்களில் பாக்கி எவ்வளவு என்று கேட்டால், வியாபாரி தம் நோட்டைப் புரட்டி ஒரு தொகையைச் சொல்வார். அது சரியா என்று பார்க்க மீனவன் கையில் மற்றொரு நோட்டு இருந்ததில்லை.

கோரிக்கை ஒன்று வந்தால் அதை எப்படிச் சோதிப்பது என்பதற்கு நம் நாட்டில் தெளிவான முறை இல்லாமல் போகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், சுந்தரருடைய கலியாணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து நின்று, ‘இவன் பாட்டன் எனக்கு ஆளோலை எழுதிக் கொடுத்திருக்கிறான்’ என்று வழக்கிடுகிறார். மணமகன் ஆத்திரத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அச்சபையார் ஊர் வழக்கம், எழுத்து, சாட்சி என்ற மூன்று பிரமாணங்களில் எதைக் காட்டுகிறாய் என்று கேட்கிறார்கள். கிழிந்தது நகல், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று வேதியர் சொல்ல, அதை வாங்கி, பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சாக்ஷாத் சிவபெருமான். அவருக்கும் இந்தச் சோதனையிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை. பக்தியில் ஊறியவர்கள் அன்பைப் பார்ப்பார்கள். எனக்கோ, படிக்குந்தோறும் அந்தச் சபையாரின் நிதானமே முன்னே வந்து நிற்கிறது.

அந்த நிதானத்தைத்தான் மின்னஞ்சல்காரன் குலைக்கப் பார்க்கிறான். ‘இன்று மாலைக்குள்’ என்று அவன் எழுதுவது சபை கூடுவதற்கு நேரம் கொடாமல் இருப்பதற்காக. அதில் உள்ள சுட்டியைத் தொடக்கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். பதில் எழுதுவதிலும் ஜாக்கிரதை வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்பதிவையும் எழுத்தாகவே மதிக்கிறது. ‘அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன்’ என்று அவசரத்தில் தட்டி அனுப்பும் ஒரு வரி, நோட்டின் முதுகில் எழுதிய வரவைப் போல ஒரு நாள் எடுத்துக் காட்டப்படலாம். கடன் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாங்கு உண்மையிலேயே இருக்குமானால், அஞ்சலில் கண்ட எண்ணை விட்டு, பாஸ் புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணில் விசாரிப்பதே கிரமம். அஞ்சலை அழித்துவிடாமல் வைத்துக்கொள்வது பின்னால் ருசுவுக்கு உதவும்.

வசூல் முறைக்கும் சட்டங்கள் வந்துவிட்டன. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றை 2003-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்க 2025-ல் மற்றொன்று இயற்றப்பட்டது. பாங்குகளின் வசூல் ஏஜெண்டுகள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடன்பட்டவரை அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்திருக்கிறது. ஆனால் இவையெல்லாவற்றிலும் முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. சிபில் முதலான கடன் தகவல் நிறுவனங்கள், ஒருவர் பெயரில் பாங்குகளும் நிதி நிறுவனங்களும் பதிந்துள்ள கடன்களின் முழு அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக அவருக்குக் கொடுத்தாக வேண்டும். தம்மீது எழுதப்பட்ட கணக்கைத் தாமே கேட்டு வாங்கிப் பார்க்கும் சௌகரியம், கம்பெனி ஏட்டுக் காலத்திலும் வியாபாரி நோட்டுக் காலத்திலும் இக்கரைக்கு வாய்த்ததில்லை. வியாபாரியின் முன்பணம் அந்த அறிக்கையில் வராது என்பது மெய்யே. எனினும் முகம் தெரியாதவன் கேட்கும் எழுநூறு ரூபாய் மெய்யா பொய்யா என்று பார்க்க அது போதும்.

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரும் மகளிர் குழுக்களின் தலைவிகளும், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அந்த அறிக்கையை வரவழைத்து உடனிருந்து படித்துச் சொல்லும் காரியத்தை மேற்கொள்ள வேண்டும். அதற்குள் யாரேனும் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அன்றைக்கே சொல்லட்டும். தொகை கை மாறிப் போவதற்கு முன் பாங்கில் நிறுத்திவைக்க அப்போதுதான் வழியுண்டு.