யாழ் நகரின் முதற் பெண் மேயர்

மாநகர சபை என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருபவை சோலைவரிப் பத்திரம், குப்பை வண்டி, சந்தைக் குத்தகை, தூர்ந்துபோன வாய்க்கால் ஆகியனவே. நாடுகளின் பெருங்கதைகளில் இவற்றுக்கு இடமில்லை. இருந்தும், ஒரு மக்கள் கூட்டத்தின் மீது தமக்கு மட்டுமே உரிமை உண்டென்று புறப்பட்டவர்கள் முதலிற் கைவைத்த இடங்களுள் நகர சபையும் ஒன்று.

ஜேர்மனியின் கொலோன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1917 முதல் மேயராக இருந்தவர் கொன்ராட் அடினோவர். 1933 பெப்ரவரியில் ஹிட்லர் அந்நகருக்கு வந்தபோது, வந்தவர் கட்சித் தலைவராகவே வருகிறார் என்று சொல்லி விமான நிலையத்துக்குச் சென்று வரவேற்க மறுத்தார். பாலத்திற் பறந்த நாசிக் கொடிகளையும் இறக்குவித்தார். அடுத்த மாதமே பதவி பறிபோயிற்று. 1944இல் அவரைத் தேடிய இரகசியப் பொலிஸார் மனைவி குஸியைச் சிறையிலடைத்து, பெண்பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்திக் கணவரின் ஒளிவிடத்தைக் கேட்டறிந்தனர். சொல்லிவிட்ட துயரத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். உடல் தேறாமலே 1948இல் இறந்தார். மறு ஆண்டு கணவர் மேற்கு ஜேர்மனியின் முதல் அதிபரானார். அடினோவரைப் பற்றிய நூல்கள் ஏராளம். குஸிக்கு அவற்றிற் சில பக்கங்களே கிடைக்கின்றன.

நாசிகளின் கொடுமையை நமது மண்ணில் நடந்தவற்றோடு தராசிலிட்டு நிறுப்பது என் நோக்கமன்று. ஆனால் இந்த மேயரின் கதையையும் மனைவியின் கதையையும் சேர்த்துப் படிக்கும்போது, இரண்டுமே ஒருவரின் வாழ்வாக அமைந்துவிட்ட நம்மூர் அம்மையார் ஒருவரின் ஞாபகம் வருகிறது. அவர்தான் திருமதி சரோஜினி யோகேஸ்வரன்.

அவருடைய கணவர் வெற்றிவேலு யோகேஸ்வரன் சட்டத்தரணி. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் யாழ்ப்பாணத் தொகுதிக்குத் தெரிவானவர். 1981 மே 31ஆந் திகதி இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், பொலிஸார் யாழ் நகரிற் புகுந்து ஆடிய கொடுங்கூத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை. மாநகர சபைக்குச் சொந்தமான பொது நூலகமும் அதிலிருந்த 97,000 வரையிலான நூல்களும் சாம்பலாயின. 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம் எரிந்தது. நூலகத்துக்காகக் கண்ணீர் விட்டோர் பலர்; எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை இலக்கிய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே அனர்த்தத்தில் யாழ்ப்பாண உறுப்பினரின் வீடும் தீக்கிரையானது. கணவனும் மனைவியும் மயிரிழையில் உயிர் தப்பினர்.

வீட்டை எரித்தது அரசின் காக்கிச் சட்டை. எட்டாண்டு கழித்துக் கணவரைக் கொன்றதோ தமிழ்க் கை. 1989 யூலை 13ஆந் திகதி, கொழும்பில் கூட்டணித் தலைவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் பேச்சுவார்த்தைக்கென்று விடுதலைப் புலிகளின் ஆட்கள் மூவர் வந்தனர். வந்தவர்கள் சுட்டதில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் உயிரிழந்தனர். சிவசிதம்பரம் காயத்துடன் தப்பினார். அந்த வீட்டிலேதான் சரோஜினி அம்மையாரும் வாழ்ந்தார்.

இதன் பின்னர் ஒருவர் அரசியலே வேண்டாமென்று ஒதுங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தது. திசம்பரில் வெறிச்சோடிய நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. 1996 ஏப்ரலின் பின் சனங்கள் திரும்பினார்கள். அந்த ஆண்டிலேயே நூற்றுக்கணக்கானோர் கைதாகிக் காணாமற்போனார்கள். இந்த நிலையில் 1998 யனவரி 29இல் குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. 1983க்குப் பின் 15 ஆண்டுகள் கழித்து வந்த தேர்தல். இயல்பு வாழ்வு திரும்பிவிட்டதென்று உலகுக்குக் காட்ட அரசு நடத்தும் நாடகம் இது என்றனர் பலர். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி நிற்கும் ஊரில் வாக்குப் பெட்டிக்கு என்ன மரியாதை என்று கேட்டவர்களைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் நகரத்துக்குத் தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும், குப்பை அள்ளப்பட வேண்டும், இடிந்த சந்தை எழவேண்டும். இவற்றைக் கட்டளைத் தளபதியிடம் விட்டுவிடுவதா, ஊராரே தெரிவுசெய்த ஒருவர் கேட்டுப் பெறுவதா? அம்மையார் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார். அவர் எடுத்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். மாறாக நினைப்போரும் உளர்.

1949இல் சாம் சபாபதி முதல் மேயரானதிலிருந்து யாழ்ப்பாண மாநகர சபைக்கு ஆண்களே தலைமை தாங்கிவந்தனர். முதற் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன். மெய்க்காவல் வேண்டாமென்று மறுத்துவிட்டார். மனுவோடு வருகிறவர் துப்பாக்கிக்காரரைக் கடந்து வரவேண்டிய வீட்டை இந்த ஊரில் மேயர் வீடென்று யார்தான் நம்புவார்கள்? ஆனால் கதவு திறந்திருந்தால் யாரும் வரலாம்.

1998 மே 17, ஞாயிற்றுக்கிழமை. யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பதவியேற்றுச் சில மாதங்கூட நிறையவில்லை. 'சங்கிலியன் படை' என்ற பெயரில் உரிமை கோரப்பட்டது. அது புலிகளின் மறுபெயர் என்பதே பரவலான கணிப்பு, புலிகள் ஒப்புக்கொள்ளவில்லை. பறங்கியர் 1619இல் சிறைப்பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற நம் கடைசி மன்னனின் பெயர் அது. நல்லூர் முத்திரைச் சந்தியில் சிலையாக நிற்பவனின் பெயரை, வீட்டிலிருந்த ஒரு விதவையைக் கொன்றதற்கு ஒப்பமாக இட்டவர்களுக்கு யாழ்ப்பாண வரலாறு எந்த வகுப்பில் படிப்பிக்கப்பட்டதோ!

1975இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலிற் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவும் யாழ் மேயர்தான். அவர் அரசின் பக்கம் நின்றவர் என்று அன்று காரணம் சொன்னார்கள். அரசின் பொலிஸார் வீட்டை எரித்த குடும்பத்துக்கு அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும் என்று விளக்க, 1998இல் ஒருவரும் முன்வரவில்லை. ஊரிலும் பெரிதாக யாரும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அடினோவர் பதவியிழந்தபோது கொலோன் நகரத்தவரும் வாய் திறக்கவில்லையாம்.

வெறுமையான கதிரைக்கு வந்தவர் சட்டத்தரணி பொன். சிவபாலன். அவரும் கூட்டணிக்காரரே. 1998 செப்டெம்பர் 11ஆந் திகதி மாநகர சபைக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. சிவபாலனும், நகரக் கட்டளை அதிகாரி பிரிகேடியர் சுசந்த மெண்டிஸும், பொலிஸ் அதிகாரிகளும், சபை உத்தியோகத்தரும் மாண்டனர். அன்று கூடிப் பேசிய விடயம், யாழ் நகர வீதிகளின் போக்குவரத்து ஒழுங்கு.