ஜெஃபர்சன் பர்டிக்கும் அமெரிக்க விளம்பர அட்டைகளும்

விளம்பரத்துக்காக வரையப்பட்ட படங்களை அருங்காட்சியகங்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அவற்றில் பெரும்பாலும் ஓவியர் பெயர் இருக்காது. கடைக்காரர் இனாமாகக் கொடுத்தவை. அமெரிக்காவில் இந்த நிலை மாற, ஜெஃபர்சன் பர்டிக் (1900–1963) என்ற தொழிற்சாலைத் தொழிலாளி பெரும் காரணமாக இருந்தார். அவர் எத்தனை அட்டை சேர்த்தார் என்பதைவிட, சேர்த்தவற்றை எப்படி வகைப்படுத்தினார் என்பதே முக்கியம் என்று கருதுகிறேன்.

வண்ணக் கல்லச்சு முறை 1870-களில் மலிவானபோது விளம்பர அட்டைகள் பெருகின. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லிலும் இம்மி பிசகாமல் பொருந்தி அச்சாக வேண்டும். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் நிறுவனங்கள் இந்த அட்டைகளை வாரி வழங்கின. சிறு கடைக்காரர்களுக்காக, பெயர் போட இடம்விட்ட பொதுப் படங்களும் விற்பனைக்கு வந்தன. பூனைக்குட்டிப் படம் ஒன்றே ஓர் ஊரில் செருப்புக் கடைக்கும் இன்னோர் ஊரில் மருந்துக் கடைக்கும் விளம்பரமாயிற்று. வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் இவற்றை ஒட்டுப்படப் புத்தகங்களில் ஒட்டி வைத்தனர். இன்று எஞ்சியவற்றில் பல அப்படித் தப்பியவையே.

அடுத்த கட்டம் சிகரெட் பெட்டிக்குள் நடந்தது. மெல்லிய காகிதப் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டை தேவைப்பட்டது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1880-களில் அந்த அட்டையில் வண்ணப் படம் அச்சிட்டது. 1887-இல் வந்த அதன் ‘உலக வாகையர்’ வரிசையில் 50 அட்டைகள். பேஸ்பால் வீரர்களோடு படகோட்டிகள், குத்துச்சண்டை வீரர்கள், துப்பாக்கி சுடுவதில் புகழ்பெற்ற ஆனி ஓக்லி எனப் பலர் அதில் இருந்தனர். அட்டையின் பின்புறத்தில் 50 பெயர்களும் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. தன்னிடம் இல்லாதது எது என்பதை வாங்கியவர் உடனே கண்டுகொள்வார். அடுத்த பெட்டியையும் வாங்குவார். சேகரிக்கும் ஆசையே விற்பனை உத்தியாகிவிட்டது.

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்கருவி உதிரிப் பாகங்களைப் பூட்டும் வேலை செய்துவந்தவர் பர்டிக். திருமணம் செய்துகொள்ளவில்லை, வருமானமும் அதிகமில்லை. மூட்டுவாதம் அவர் கைகளை மெல்ல முடக்கியது. 1939-இல் அவர் வெளியிட்ட அட்டைப் பட்டியல் பின்னர் விரிவாக்கப்பட்டுப் பல பதிப்புகள் கண்டது. படத்தின் அழகையோ ஓவியரையோ வைத்து அவர் பிரிக்கவில்லை. எந்தச் சரக்கோடு, எந்தக் காலத்தில் வந்தது என்று பார்த்தார். ‘என்’ என்றால் 19-ஆம் நூற்றாண்டுப் புகையிலை, ‘டி’ என்றால் 20-ஆம் நூற்றாண்டுப் புகையிலை, ‘ஈ’ என்றால் தொடக்ககால மிட்டாய். மேற்சொன்ன ஆலன் அண்ட் ஜின்டர் வரிசை ‘என் 28’ ஆயிற்று. அனாமதேயப் படம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வணிகப் பின்னணி கிடைத்தது. சிதறிக் கிடந்த காகிதங்களை வரலாற்றுச் சான்றாக்கியது இந்த ஏற்பாடுதான்.

1947-இல் அவர் தம் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்க முன்வந்தார். அச்சுப்படப் பிரிவின் காப்பாளர் ஹயாட் மேயர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுக்கி ஒழுங்குபடுத்தும் பொறுப்பு பர்டிக்குடையது. இந்த நிபந்தனை நல்லதாகவே முடிந்தது. வகுத்தவரே அடுக்கியதால் சேகரிப்பும் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தின. வளைந்துபோன விரல்களோடு ஆண்டுக்கணக்கில் அங்கே உட்கார்ந்து அவர் அட்டைகளை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரி 10-ஆம் தேதி வேலை முடிந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தவர் இரண்டு மாதங்களில் காலமானார்.

அவர் கொடுத்தவை 3,00,000-க்கும் மேல். அவற்றில் பேஸ்பால் அட்டைகள் சுமார் 30,000, அதாவது பத்தில் ஒரு பங்கு. ‘டி 206’ வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை இன்று பல மில்லியன் டாலருக்கு விலைபோவதால், பர்டிக் பெயர் விளையாட்டோடு மட்டுமே பேசப்படுகிறது. இது அவருக்குச் செய்யும் அநீதி. நூல்கண்டு, சோப்பு, காப்பிக்கொட்டை விற்க வரையப்பட்ட படங்களும் அதே ஆல்பங்களில் இருக்கின்றன; கணிசமானவற்றை அருங்காட்சியகம் இணையத்திலும் ஏற்றியிருக்கிறது. அன்றைய அமெரிக்க வணிகம் பெண்களை, குழந்தைகளை, அயல்நாட்டாரை எப்படிச் சித்தரித்தது என்று ஆராய்பவர் தொடங்க வேண்டியது அந்த மற்ற ஒன்பது பங்கில்.