மந்தை இல்லாத மேய்ப்பு நாய்கள்

மேலைநாடுகளில் ஆதரவற்ற நாய்களைத் தத்துக் கொடுக்கும் காப்பகங்களில் கறுப்பு வெள்ளையில் ஒரு நாயைப் பார்க்கலாம். பெயர் பார்டர் கோலி. நாய்களிலேயே படு கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய இனம். இவ்வளவு புத்திசாலி நாயைப் போய் யாராவது வேண்டாம் என்று விடுவார்களா? விடுகிறார்கள். ஏன் என்று தெரிய, 150 வருடம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லைப் பகுதி முழுக்கக் குன்றும் புல்வெளியும்தான். சரிவுகளில் சிதறி மேயும் ஆடுகளை ஓர் ஆள் தனியாக ஓட்டி வர முடியாது. அதற்காகவே பழக்கப்பட்டது இந்த நாய். ஓநாயை விரட்டும் காவல் நாய் வேறு, இது வேறு. ஆடுகளைச் சுற்றி அரைவட்டமாக ஓடும். தரையோடு தரையாகப் பம்மும். இமைக்காமல் முறைக்கும். ஆடுகள் மிரண்டு பட்டியை நோக்கி நகரும். யோசித்துப் பார்த்தால் ஓநாய் வேட்டையாடும் முறையும் இதுதான்! கடைசியில் பாய்ந்து கடித்துக் கொல்வதை மட்டும் மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மழுக்கிவிட்டான்.

1873ல் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் மேய்ப்பு நாய்களுக்குப் போட்டி நடந்தது. பிரிட்டனில் பதிவான முதல் போட்டி அதுதான். 1893ல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ஹெம்ப் என்ற நாய் பிறந்தது. குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆடுகளை அடக்கியது. ஊரெல்லாம் அதன் குட்டிகளுக்குப் போட்டி. இன்றைய பார்டர் கோலிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மூதாதை இந்த ஹெம்ப்தான். 1906ல் சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் உருவானது. அதன் செயலாளர் ஜேம்ஸ் ரீட் 1915ல் 'பார்டர் கோலி' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இந்தக் காலம் முழுக்க அழகுக்காக யாரும் இதை வளர்க்கவில்லை. வேலைக்காகத்தான் வளர்த்தார்கள்.

இதே காலத்தில் லண்டனில் இன்னொரு கதை நடந்தது. 1860ல் மேரி டீல்பி என்ற பெண்மணி ஹாலோவே பகுதியில் தெருநாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 'தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்பது அதன் பெயர். மனிதர்களே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்கு வீடா என்று கேலி செய்தார்கள். 1865ல் அவர் இறந்தார். 1871ல் பேட்டர்சீக்கு இடம் மாறிய அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது.

இதில் கசப்பான பக்கமும் உண்டு. யாரும் கேட்டு வராத நாய்களை என்ன செய்வது? இடமோ கொஞ்சம். வரும் நாய்களோ ஏராளம். 1884ல் பேட்டர்சீயில் நாய்களை வலியில்லாமல் கொல்வதற்கென்றே நச்சுப்புகை அறை அமைத்தார்கள். காப்பாற்றக் கட்டிய வீடே பல நாய்களுக்குக் கடைசி வீடானது. தத்து வீடு கிடைக்கிறதா இல்லையா என்பது நாய்க்கு உயிர்ப் பிரச்சினை என்பதை இங்கே கவனியுங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன. பார்டர் கோலி நகரத்து வீடுகளுக்குள் வந்தது. 1995ல் வந்த 'பேப்' திரைப்படத்தில் இந்த இனத்தைப் பார்த்து ரசித்தவர்கள் பல பேர். ஆனால் அடுக்குமாடி வீட்டில் ஆடு ஏது? நாய் சும்மா இருக்குமா? ஓடும் குழந்தையை மடக்கும், சைக்கிளைத் துரத்தும், வேலையில்லாமல் தன் வாலையே சுற்றும். 'பைத்தியக்கார நாய்' என்று பட்டம் கட்டிக் காப்பகத்தில் விட்டுவிடுவார்கள்.

அதன் மூளைக்கு எவ்வளவு தீனி வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் சேசர் என்ற பார்டர் கோலிக்குத் தினமும் மணிக்கணக்கில் பாடம் நடத்தினார். அது 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொண்டது என்று 2011ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. இப்படிப்பட்ட நாயை நாள் முழுக்கப் பூட்டி வைத்தால் என்ன ஆகும்?

கூண்டில் இருக்கும் நாயின் உண்மையான குணம் வெளியே தெரியாது. பயத்தில் ஒடுங்கும், அல்லது ஓயாமல் குரைக்கும். அதனால்தான் தற்காலிக வளர்ப்பு வீடு என்ற முறை முக்கியமாகிறது. தன்னார்வலர் ஒருவர் நாயைச் சில வாரமோ சில மாதமோ தன் வீட்டில் வைத்திருப்பார். குழந்தைகளோடு பழகுமா, பூனையை விடுமா, வாகனத்தைக் கண்டால் பாயுமா, தனியாக இருக்குமா என்று பார்த்துச் சொல்வார். பிறகுதான் பொருத்தமான வீடு தேடுவார்கள். ஆட்டைக் கண்டதும் பம்மும் நாய் பண்ணைக்குப் போகலாம். சுறுசுறுப்பான நாய் தடை தாண்டும் விளையாட்டுக்கோ, காணாமல் போனவர்களைத் தேடும் பணிக்கோ போகலாம். இந்த இனத்துக்கென்றே பார்டர் கோலி டிரஸ்ட் போன்ற மீட்பு அமைப்புகளும் பிரிட்டனில் உள்ளன.

வளர்ப்பு வீட்டுக்காரருக்குக் கடினமான நாள், பழகிய நாயைப் பிரிந்து அனுப்பும் நாள்தான். ஆனால் அவர் அனுப்பினால்தான் காப்பகக் கூண்டில் இருக்கும் அடுத்த நாய் அவர் வீட்டுக்கு வர முடியும்.

குறை நாயிடம் இல்லை நண்பர்களே. பல தலைமுறையாக ஒரு வேலைக்கென்றே அதை உருவாக்கினோம். பிறகு வேலையைப் பிடுங்கிக்கொண்டு, ஏன் சும்மா இருக்க மாட்டேன் என்கிறாய் என்று கோபப்படுகிறோம். நாய் வாங்க நினைப்பவர்கள் அதன் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் முன்னோர் என்ன வேலை செய்தார்கள் என்று விசாரித்தாலே போதும். பாதி நாய்கள் காப்பகத்துக்கே போகாது.