ஹுதைபிய்யாவும் திருப்பரங்குன்றமும்



2025ஆம் ஆண்டு மதுரை முஸ்லிம்களுக்குச் சோதனை மிகுந்த ஆண்டாகக் கழிந்தது. திருப்பரங்குன்றம் மலையுச்சியில் உள்ள சிக்கந்தர் பாதுஷா தர்காவுக்கு ஆடு, கோழியுடன் நேர்ச்சை நிறைவேற்றச் சென்றோர் ஜனவரியில் தடுத்து நிறுத்தப்பட்டனர். பிப்ரவரி 4 அன்று, 144 தடையுத்தரவு நடைமுறையில் இருக்க, நீதிமன்ற அனுமதி பெற்றுப் பழங்காநத்தத்தில் பெருந்திரள் கூடி மலையைக் காக்க வேண்டும் என்று முழங்கியது. ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி, உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்யும்வரை மலையில் உயிர்ப்பலி கூடாது என்றார். டிசம்பரில் தர்காவுக்கு அருகிலுள்ள தூணில் கார்த்திகை தீபம் ஏற்றுமாறு ஓர் உத்தரவு வந்தது. மேல்முறையீடு செய்யப்பட்டது, 2026 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவ்வுத்தரவை உறுதி செய்தது.

இவற்றையெல்லாம் கண்ட நம் இளைஞர்கள், கோரிப்பாளையத்திலும் காஜிமார் தெருவிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? பொறுமை என்பது கோழைத்தனத்துக்கு நாம் வைத்துக்கொண்ட பெயரா?” இக்கேள்வியை அதட்டி அடக்கிவிடக் கூடாது. ஏனெனில் உமர் (ரலி) அவர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளுடன் உம்ராவுக்காகப் புறப்பட்டார்கள். மக்காவை நெருங்கும் வேளையில் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். குறைஷிகளின் தூதராக வந்த சுஹைல் பின் அம்ரு, உடன்படிக்கையின் தலைப்பில் ‘ரஹ்மான்’ என்ற சொல்லை எழுதவிடவில்லை. ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்களையும் நீக்கச் சொன்னார். அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபியவர்கள் தம் கையாலேயே அழித்தார்கள். அவ்வேளையில் சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி), இஸ்லாத்தை ஏற்ற குற்றத்துக்காகப் பூட்டப்பட்ட விலங்குகளை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒப்பந்தப்படி அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். நாம் சத்தியத்தில் இருக்க, இந்த இழிவை ஏன் ஏற்க வேண்டும் என்று உமர் (ரலி) கொதித்தது அப்போதுதான்.

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் கூறியபோது, துயரத்தில் ஒருவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் சென்றவர்களிடம் அன்னை உம்மு ஸலமா (ரலி) ஒரு யோசனை கூறினார்கள்: யாரிடமும் பேசாமல் தாங்கள் முதலில் அறுத்துவிடுங்கள் என்று. நபியவர்கள் அவ்வாறே செய்ய, தோழர்களும் எழுந்தார்கள். கஅபாவுக்கெனக் கொண்டுவரப்பட்ட பிராணிகள், வழி மறிக்கப்பட்ட இடத்திலேயே அறுக்கப்பட்டன. வணக்கம் குறைந்துவிடவில்லை. திரும்பும் வழியில் இறங்கிய ‘அல்ஃபத்ஹ்’ அத்தியாயம் அந்த உடன்படிக்கையைத்தான் தெளிவான வெற்றி என்று அழைத்தது. இரண்டே ஆண்டுகளில் 10,000 பேராக மக்காவுக்குள் நுழைந்தார்கள்.

(தர்கா நேர்ச்சையின் மார்க்கச் சட்டம் குறித்து ஆலிம்களிடையே பல கருத்துகள் உண்டு. அது வேறு ஜும்ஆவுக்குரிய பேச்சு.)

இனி நம் ஊரின் வரலாற்றுக்கு வருவோம். 1335 முதல் 1378 வரை மதுரையைச் சுல்தான்கள் ஆண்டனர். அக்காலத்தை எண்ணிப் பெருமைப்படுவோர் நம்மில் உண்டு. ஆனால் அக்காலத்தில் இங்கு வந்து தங்கிய இப்னு பதூதா எழுதியதையும் படிக்க வேண்டும். சுல்தான் கியாசுத்தீன் தாமகானி, சிறைப்பட்ட பிற மதத்தவரை, பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்காமல் கொன்ற கொடுமையை அவர் பதிவு செய்துள்ளார். அந்தச் சுல்தான் அவருக்கு உறவினர்; இருவரின் மனைவியரும் சகோதரிகள். அப்படியிருந்தும் அச்செயலை வெறுக்கத்தக்கது என்று கண்டித்தார். அதனாலேயே அல்லாஹ் அவன் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். அநியாயம் செய்தவன் நம்மவன் என்பதற்காக அதை மூடி மறைக்காத அந்த நேர்மை, இன்று பிறரிடம் நீதி கேட்கும் நமக்கும் வேண்டும்.

விஜயநகரப் படையால் அந்த ஆட்சி முடிவுற்றது. இறுதிச் சுல்தான் சிக்கந்தர் ஷாவே திருப்பரங்குன்றம் மலையில் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பி வருகின்றனர். ஆட்சி போனபின் மதுரை முஸ்லிம்களிடம் படையும் இல்லை, கொடியும் இல்லை. ஆயினும் வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா நிலைத்தது. எப்படி? அங்குள்ள கல்வெட்டு விடை கூறுகிறது. கூன்பாண்டியன் காலத்தில் பள்ளிவாசலுக்கு ஆறு ஊர்கள் வழங்கப்பட்டிருந்தன. (அவன் எந்தப் பாண்டியன் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.) 1573இல் மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர், பழைய அந்த மானியம் தொடர வேண்டும் என்று உறுதி செய்தார். சுல்தான்களை வீழ்த்திய விஜயநகரத்தின் வழிவந்த ஓர் இந்து மன்னர்தான் இந்தப் பள்ளிவாசலின் உரிமையைக் கல்லில் பொறித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். வாள் காக்காத ஒன்றை ஓர் ஆவணமும் ஓர் ஆட்சியாளரின் நியாய உணர்வும் காத்தன.

திருப்பரங்குன்ற வழக்கும் புதிதன்று. கோயில் தரப்பு 1920இல் மலை முழுவதற்கும் உரிமை கோரி வழக்குத் தொடுத்தது. 1923இல் மதுரை சார்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 1926இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது; 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சில் முதல் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அதன்படி மலையின் பெரும்பகுதி கோயிலுக்கு உரியது. நெல்லித்தோப்பு, அங்குள்ள புதிய மண்டபம், அங்கிருந்து மேலே செல்லும் படிக்கட்டு, பள்ளிவாசலும் கொடிமரமும் நிற்கும் பாறையுச்சி ஆகியவை முஸ்லிம்களுக்கு உரியவை. கேட்டது முழுவதும் நம் பாட்டனார்களுக்குக் கிடைக்கவில்லை, கோயிலாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததைக் கொண்டு இரு தரப்பினரும் பல தலைமுறைகள் ஒரே மலையடிவாரத்தில் வாழ்ந்தார்கள். இன்று நம் வழக்கறிஞர்கள் கையில் எடுத்துச் செல்லும் வலுவான ஆவணம், அன்று அரைகுறை என்று சிலர் முகம் சுளித்திருக்கக்கூடிய அதே தீர்ப்புதான்.

சகோதரர்களே! சட்டம் நமக்கு மேல்முறையீட்டின் கதவைத் திறந்து வைத்துள்ளது. உரிமையியல் நீதிமன்றத்தின் வாயிலும் மூடப்படவில்லை. அங்கே கைபேசிச் செய்திகள் எடுபடா. பட்டா, வரி ரசீது, பழைய தீர்ப்பு நகல், வக்ஃபு பதிவேடு ஆகியவையே பேசும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசல் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்று இவ்வாரமே பார்க்கட்டும். சான்றிட்ட நகல்கள் எடுக்கட்டும். கரையான் அரித்தபின் கண்ணீர் விடுவதில் பயனில்லை.

மலைப் படியில் அமர்ந்து சிலர் அசைவ உணவு உண்ட படங்கள் 2025ஆம் ஆண்டில் பரவியபோது எழுந்த கசப்பையும் மறவாதீர்கள். அண்டை வீட்டாரின் மனம் புண்படும் என்று தெரிந்த இடத்தில், நமக்கு அனுமதிக்கப்பட்ட ஒன்றைக்கூட விட்டுக்கொடுப்பதால் மார்க்கத்தில் எதுவும் குறைந்துவிடாது. அவர்களின் தெய்வங்களை ஏசுவதோ முற்றிலும் தடுக்கப்பட்டது. திருக்குர்ஆன் அதை வெளிப்படையாகவே தடை செய்துள்ளது.

சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது, தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக மக்கள் வெள்ளம் ஆற்றை நோக்கிச் செல்லும். தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் அன்று நிற்க இடமிராது. வெயிலில் கைக்குழந்தைகளுடன் வரும் தாய்மாருக்கு நம் வீட்டுத் திண்ணைகள் திறந்திருக்கட்டும். குடிநீர்ப் பானைகள் முதல் நாள் இரவே நிரப்பப்படட்டும். அவ்வேலையை இளைஞர் குழுக்களிடம் ஒப்படைக்க, முத்தவல்லிமார்கள் பங்குனி மாதத்திலேயே ஆலோசனைக் கூட்டம் கூட்டுவது நலம்.