நாலுக்கு ரெண்டு: காமராஜர் பக்கம் ஜெயித்தது, வேட்பாளர் தோற்றார்

எங்க ஊர் சீர்காழி எம்எல்ஏ குடியரசுத் தலைவர் தேர்தல்ல போடும் ஓட்டின் மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு அது. தமிழ்நாட்டு எம்எல்ஏக்கள் 234 பேருக்கும் அதேதான். சரி, அந்த 176 யாருக்குப் போகணும்னு முடிவு பண்றது யார்? அவரா, கட்சியா?

இதுக்கு 1969-க்குப் போகணும். அந்த மே மாசம் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஜூலையில் பெங்களூருவில் காங்கிரஸ் நாடாளுமன்ற போர்டு கூடியது. இந்திரா காந்தி ஜகஜீவன் ராம் பெயரைச் சொன்னார். காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், சவான் நாலு பேரும் சஞ்சீவ ரெட்டிக்குக் கை தூக்கினார்கள். இந்திராவோடு நின்றவர் பக்ருதீன் அலி அகமது மட்டும். நாலுக்கு ரெண்டு, முடிந்தது.

முடியவில்லை! ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்த இந்திராவே, பிறகு "மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்றார். சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு அது பச்சைக்கொடி. இங்கே நம்ம டெல்டாவின் திருக்குவளையில் பிறந்த கருணாநிதி, முதல்வராகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. திமுகவும் கிரி பக்கம் நின்றது.

முதல் விருப்ப ஓட்டில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளையும் எண்ணிய பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. நவம்பரில் கட்சியே இரண்டாக உடைந்தது.

இது எப்படி சாத்தியமாச்சு? இந்தத் தேர்தல்ல ரகசிய ஓட்டு. கட்சி கொறடா உத்தரவு போட முடியாது. இன்னைக்கும் அப்படித்தான்.

அப்போ மனசாட்சி ஜெயிச்சிடுச்சா? எனக்குச் சந்தேகம்தான். 1974-ல் காங்கிரஸ் வேட்பாளர் யார் தெரியுமா? பெங்களூருவில் இந்திராவோடு கை தூக்கிய அதே பக்ருதீன். ஆறு பேர் மூடிய அறையில் எடுத்த முடிவை மனசாட்சி ஓட்டு உடைத்தது உண்மை. ஆனா அதன் பிறகு, அந்த ஆறு பேர் இடத்தில் ஒரே ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். போர்டில் குறைந்தபட்சம் எதிர்த்துக் கை தூக்க ரெண்டு பேராவது இருந்தாங்க, இல்லையா?

ரெட்டி? 1977-ல் போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவரானார். அதைப் பார்க்க காமராஜர் உயிரோடு இல்லை.

அடுத்த முறை உங்க கட்சி ஒரு பெயரை அறிவிக்கும்போது, "நல்ல ஆளா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "அந்த அறையில் யாராவது வேண்டாம்னு சொல்ல முடிஞ்சதா?"ன்னும் கேளுங்க.