பீட்டில்ஸை வழிமறித்த மதராஸ்காரர்

1967 மார்ச் மாதம். பிரிட்டன் முழுக்க பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். 1963-ல் தொடங்கி, அந்தக் குழுவின் பதினொரு இசைத்தட்டுகள் வரிசையாக விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தன. அடுத்து வந்தது 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' என்ற இரண்டு அற்புதமான பாடல்கள் கொண்ட தட்டு. அது இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை.

வழிமறித்தவர் மதராஸில் பிறந்தவர்!

1936 மே 2 அன்று இங்கே பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அர்னால்ட் ஜார்ஜ் டோர்சி. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள். அர்னால்டுக்குப் பத்து வயதானபோது குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறியது. அங்கே சாக்ஸபோன் பழகினார். பிறகு, 'ஜெரி டோர்சி' என்ற பெயரில் கிளப்களில் பாடினார். முதல் இசைத்தட்டு எடுபடவில்லை. 1961-ல் காசநோய் தாக்கியது. மீண்டு வந்தபோது மேடை வாய்ப்புகள் வற்றிப்போயிருந்தன.

1965-ல் பழைய நண்பர் கார்டன் மில்ஸ் கைகொடுத்தார். பாடகர் டாம் ஜோன்ஸின் மேனேஜர் அவர். 'பெயரை மாற்று' என்பது அவருடைய யோசனை. 'ஹான்சலும் கிரெட்டலும்' இசை நாடகத்தைப் படைத்த 19-ம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயரை அப்படியே எடுத்துக் கொடுத்தார்: எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க்.

பீட்டில்ஸை வழிமறித்த 'ரிலீஸ் மீ' அவருக்காக எழுதப்பட்ட பாட்டே அல்ல. 1949-ல் உருவாகி, அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர்கள் பாடிய பழைய பாடல். காதல் தீர்ந்துபோன துணையிடம் 'என்னை விட்டுவிடு' என்று மன்றாடும் ஒருவரின் குரல். அவசரமே இல்லாத தாளம், பின்னால் கோரஸ், நடுவே அடிவயிற்றிலிருந்து எழும் ஹம்பர்டிங்கின் கனத்த குரல். டெக்கா நிறுவனம் 1967 ஜனவரியில் வெளியிட்டது. 1962-ல் பீட்டில்ஸை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே டெக்காதான்!

திருப்பம் தொலைக்காட்சியில் வந்தது. லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து ஞாயிறுதோறும் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் பாட வேண்டிய டிக்கி வேலன்டைனால் வர முடியவில்லை. மாற்று ஆளாக மேடையேறினார் ஹம்பர்டிங்க். நாடே பார்த்தது. தட்டு பறந்தது. ஆறு வாரம் முதலிடம். தொடர்ந்து 56 வாரம் பட்டியலில் இடம். அதே ஆண்டு 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' ஐந்து வாரம் முதலிடம். பிரிட்டனில் மட்டும் இரண்டும் தலா பத்து லட்சத்துக்கு மேல் விற்றன.

1967 என்றால் இளைஞர்களின் புரட்சி இசை என்றே எழுதிவருகிறார்கள். அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற தனிப்பாடல் தட்டு 'ரிலீஸ் மீ'. புதுமையைத் தேடாமல், நல்ல மெட்டும் மனதைத் தொடும் குரலும் போதும் என்றிருந்த லட்சக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கிய தட்டு அது. அவர்களையும் சேர்த்தால்தான் அந்தக் காலத்தின் வரலாறு முழுமையாகும்.

மயிலாப்பூர் சபாக்களையும் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களையும் கொண்டாடும் சென்னையின் இசை வரலாற்றில், இந்த மதராஸ் பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.