எழுதவும் முடிந்த முதல் உலாவி

முதலாவது இணைய உலாவி எது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் வாசிக்கிற பிள்ளை "மொசைக்" என்று சொல்லும். பின் வரிசையில் இருந்து "குரோம் சேர்" என்று ஒரு குரல் வரும். இரண்டும் பிழை. முதலாவது உலாவி இதற்கெல்லாம் முந்தியது. அதில் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடையில் கர்சரை வைத்துத் திருத்தவும் முடிந்தது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை.

1990ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ அதை எழுதினார். அதன் பெயர் வேர்ல்ட்வைட்வெப். வாசிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு இன்னொன்று என்று அவர் பிரிக்கவில்லை. ஒரு சொல்லைத் தெரிவுசெய்து இணைப்புக் கொடுக்கலாம், புதிய பக்கம் தொடங்கலாம், சேமிக்கலாம். எச்டிஎம்எல் குறிகளைக் கையால் எழுதத் தேவையில்லை. ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் ஒரு பொதுக் கொப்பி போலத்தான் அவர் இணையத்தைக் கற்பனை செய்தார்.

சிக்கல் என்னவென்றால், அந்த மென்பொருள் நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டும்தான் ஓடியது. விலை கூடிய பொருள், வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய எளிய உலாவி ஒன்றை நிக்கோலா பெல்லோ என்ற மாணவி எழுதினார். அதில் வாசிக்க மட்டும்தான் முடியும். 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தது. எழுத்தோடு படமும் ஒரே பக்கத்தில் தெரிந்ததும் உலகம் மயங்கிவிட்டது. அதிலும் எழுத முடியாது. உலாவி என்றால் பார்ப்பதற்கான ஜன்னல் என்ற எண்ணம் அப்போதுதான் நிலைத்தது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு இணையத்தில் எழுதுவது ஒரு தனித் தொழிலாகிவிட்டது. எச்டிஎம்எல் தெரிய வேண்டும், எஃப்டிபி மென்பொருள் வேண்டும், சேவையகத்தின் கடவுச்சொல் வேண்டும். எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இப்படித்தான் தளம் செய்தார்கள். பழைய மாணவர்கள் காசு சேர்த்தார்கள், வெளியார் ஒருவர் அழகாகச் செய்து கொடுத்தார், திறப்பு விழாவும் நடந்தது. ஆனால் ஒரு வரியை மாற்றவும் அவரைத்தான் தேட வேண்டும். அதிபர் மாறிய பிறகும் பழைய அதிபரின் படமும் வாழ்த்துச் செய்தியும் அப்படியே இருந்தன. பிறகு ஒருநாள் தளமே இல்லாமல் போனது. விளையாட்டுப் போட்டிப் படங்களும் பாடசாலை வரலாறும் அதோடு போயின.

இந்தப் பூட்டை உடைத்தவர்களில் முதலாமவர் வார்ட் கனிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர். 1995 மார்ச் 25இல் அவர் தொடங்கிய தளத்தில், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் திருத்துவதற்கான இணைப்பு ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் பக்கத்தின் எழுத்து ஒரு பெட்டிக்குள் வரும். திருத்திவிட்டுச் சேமிக்கலாம். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரை இதற்கு வைத்தார்: விக்கி விக்கி. ஹவாய் மொழியில் "கெதியாக" என்று பொருள்.

இதிலே புதிய கண்டுபிடிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. உலாவிகளில் படிவம் நிரப்பும் வசதி அப்போதே வந்துவிட்டது, பெயரும் முகவரியும் கேட்பதற்காக. கனிங்ஹாம் அதே படிவப் பெட்டிக்குள் முழுப் பக்கத்தையும் போட்டார். பொத்தானை அழுத்தியதும் சேவையகத்தில் இருக்கும் சிறிய நிரல் அதை வாங்கிச் சேமித்து, அடுத்தவருக்குப் பக்கமாகக் காட்டும். இன்று நாம் முகநூலில் எழுதும் பெட்டியும் அடிப்படையில் இதுதான்.

1999 ஓகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் புளொகர் சேவையைத் தொடங்கியது. உலாவியில் எழுதினால் போதும், பக்கத்தை உருவாக்கி உங்கள் சொந்தச் சேவையகத்துக்கு அதுவே எஃப்டிபி வழியாக அனுப்பிவிடும். சேவையகம் இல்லாதவர்களுக்காகப் பிறகு புளொக்ஸ்பொட் வந்தது. 2003 பெப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது.

அதே காலத்தில் பி2 என்ற இலவச மென்பொருளைப் பலர் பயன்படுத்தினார்கள். 2002இன் கடைசியில் அதை எழுதியவரின் சத்தத்தையே காணவில்லை. பயன்படுத்தியவர்கள் தவித்துப் போனார்கள். ஆனால் யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு அது வெளியாகியிருந்தது. மட் முல்லன்வெக் என்ற அமெரிக்க இளைஞரும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் அதை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27இல் வெளிவந்ததுதான் வேர்ட்பிரஸ். உரிமம் வேறாக இருந்திருந்தால் அந்தக் கதை 2002இலேயே முடிந்திருக்கும்.

தமிழுக்கு அந்தப் பெட்டி இன்னொரு வேலையும் செய்தது. அதுவரை நாம் பாமினியில் தட்டியதைத் திறக்கும் கணினியில் பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். உலாவிப் பெட்டிக்குள் எழுதியதை எங்கும் வாசிக்கவும் தேடவும் வேண்டுமென்றால் யுனிகோட் அவசியம். எங்கள் ஆட்களைப் பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு இழுத்து வந்ததில் வலைப்பதிவுகளுக்கும் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் பெரிய பங்குண்டு. அந்த விக்கிப்பீடியாவுக்கு ஆரம்பத்தில் அத்திவாரம் போட்டவர் யாழ்ப்பாணத்தவரான கட்டடக் கலைஞர் மயூரநாதன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புளொகர் 2010இல் எஃப்டிபி வசதியை நிறுத்தியது. சொந்தச் சேவையகத்தில் பதிவுகளை வைத்திருந்தவர்கள் கூகுளின் சேவையகத்துக்கு மாற வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபரில் யாஹூ, ஜியோசிட்டீஸை மூடியது. தொண்ணூறுகளில் சாதாரண மக்கள் கட்டிய இலட்சக்கணக்கான பக்கங்கள் அதில் இருந்தன. இணைய ஆவணக்காப்பகமும் சில ஆர்வலர்களும் அள்ளியெடுத்தவைதான் மிஞ்சின.

ஆகவே பாடசாலைக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ தளம் செய்ய யோசிக்கும் நண்பர்கள், வடிவமைப்பு எப்படி, நிறம் என்ன என்று கேட்கும் முன் இரண்டு விடயம் கேளுங்கள். அலுவலகத்தில் இருக்கிற ஆசிரியர் ஒருவர் யாரையும் அழைக்காமல் உலாவியிலேயே திருத்தலாமா? எழுதிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாமா? வேர்ட்பிரஸில் "கருவிகள்" பகுதியில் ஏற்றுமதி வசதி இருக்கிறது, புளொகரிலும் காப்பு எடுக்கலாம். படங்களை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். வேர்ட்பிரஸின் அந்த ஏற்றுமதிக் கோப்புக்குள் படங்கள் வராது, அவை இருக்கும் முகவரி மட்டும்தான் வரும்.